சேமிப்பு பற்றிய வாக்கியக் கணக்குகளும் கூட்டுத் தொடரும்

ஒருவர் முதல் மாதம் 500 ரூபாய் சேமிக்கிறார்; அதன்பின் ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட 50 ரூபாய் கூடுதலாகச் சேமிக்கிறார். பன்னிரண்டாம் மாதத்தில் அவர் எவ்வளவு சேமிப்பார்? ஓராண்டு முடிவில் அவர் சேமித்த தொகை எவ்வளவு? இவ்விரு கேள்விகளும் ஒரே சாயலில் இருந்தாலும் ஒன்றின் விடை மற்றொன்றுக்குப் பொருந்தாது. சேமிப்பு பற்றிய வாக்கியக் கணக்குகளில் மதிப்பெண் இழப்பவர்களில் பலர் கூட்டலிலோ பெருக்கலிலோ தவறுவதில்லை; முதல் கேள்விக்குரிய விடையை இரண்டாம் கேள்விக்கு எழுதிவிடுவதால்தான் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆகவே சூத்திரத்துக்குப் போவதற்கு முன், ஒரு தாளில் இரண்டு நிரல்களை வரைந்துகொள்வது நல்லது.

முதல் நிரலில் அந்தந்த மாதம் போட்ட தொகையை எழுதலாம்: 500, 550, 600, 650 என்று அது செல்லும். இரண்டாம் நிரலில் அந்த மாதம் வரை சேர்ந்த இருப்பை எழுதலாம்: 500, 1,050, 1,650, 2,300 என்று அது செல்லும். முதல் நிரலில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு எப்போதும் 50தான். இரண்டாம் நிரலில் அந்த வேறுபாடு 550, 600, 650 என்று வளர்ந்துகொண்டே போகிறது. வேறுபாடு மாறாமல் இருக்கும் முதல் நிரலைத்தான் கூட்டுத் தொடர்வரிசை என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் இதையே கூட்டல் விருத்தி என்பார்கள். அந்த நிரலில் உள்ள எண்களுக்கிடையே கூட்டல் குறியைப் போட்டு 500 + 550 + 600 + … என்று எழுதும்போது அது கூட்டுத் தொடர் ஆகிறது. இரண்டாம் நிரலில் இருப்பவை அத்தொடரை ஒவ்வொரு மாதத்திலும் நிறுத்திப் பார்த்தால் கிடைக்கும் கூடுதல்களே.

இந்தக் கணக்கில் ஒரு சுவையான தற்செயல் உண்டு. 1,050 என்ற எண் இரண்டு நிரல்களிலும் வருகிறது. இரண்டாம் நிரலில் அது இரண்டாவது மாத முடிவில் உள்ள இருப்பு. முதல் நிரலில் அது பன்னிரண்டாவது மாதத்தில் மட்டும் போடப்படும் தொகை. கணக்கின் நடுவில் “1,050” என்று மட்டும் எழுதி வைத்தால், சற்று நேரம் கழித்து அது எந்த 1,050 என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். எண்ணுக்குப் பக்கத்தில் “அம்மாதத் தொகை” என்றோ “இருப்பு” என்றோ ஒரு சொல்லை எழுதும் பழக்கம் சிறியதுதான் என்றாலும், அதைவிடப் பயன் தரும் பழக்கம் இவ்வகைக் கணக்குகளில் வேறு இல்லை.

பன்னிரண்டு மாதங்கள், பதினோரு உயர்வுகள்

பன்னிரண்டாம் மாதத்தின் தொகையைக் காண, 500உடன் 50ஐ எத்தனை முறை கூட்ட வேண்டும்? பன்னிரண்டு முறை என்று சொல்லத்தான் நா வரும். அப்படிச் செய்தால் 1,100 என்ற தவறான விடை கிடைக்கும். கையை விரித்துப் பார்த்தால் விரல்கள் ஐந்து, அவற்றின் இடைவெளிகள் நான்கு. மாதங்கள் விரல்களைப் போன்றவை, உயர்வுகள் இடைவெளிகளைப் போன்றவை. முதல் மாதத்துக்கு உயர்வு எதுவும் இல்லை. இரண்டாம் மாதத்துக்கு ஒன்று, மூன்றாம் மாதத்துக்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால் பன்னிரண்டாம் மாதத்துக்குப் பதினோரு உயர்வுகள். எனவே அம்மாதத் தொகை 500 + 11 × 50 = 1,050 ரூபாய்.

முதல் தொகையை ‘மு’ என்றும், அடுத்தடுத்த தொகைகளுக்கிடையே மாறாமல் இருக்கும் வேறுபாட்டை, அதாவது பொது வித்தியாசத்தை, ‘வி’ என்றும், உறுப்புகளின், அதாவது வரிசையில் உள்ள எண்களின், எண்ணிக்கையை ‘எ’ என்றும், கடைசி உறுப்பை ‘க’ என்றும் குறித்தால், மேலே செய்ததைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்:

க = மு + (எ − 1) × வி

பாடநூல்கள் இவற்றுக்கு ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்தும். எந்த எழுத்தாயினும் பொருள் ஒன்றே.

மொத்தம் எப்படி வருகிறது?

இப்போது இரண்டாம் கேள்விக்கு வரலாம். பன்னிரண்டு தொகைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினாலும் விடை வரும். ஆனால் நூற்றிருபது மாதங்களுக்குக் கேட்டால் அந்த வழி உதவாது. ஆகவே பன்னிரண்டு தொகைகளையும் ஒரு வரியில் ஏறுமுகமாகவும், அதன் கீழே அடுத்த வரியில் இறங்குமுகமாகவும் எழுதிப் பார்ப்போம். மேல் வரியில் முதலில் 500 நிற்கும், அதன் கீழே 1,050 நிற்கும். இரண்டும் சேர்ந்து 1,550. அடுத்து 550உம் 1,000உம் நிற்கும். அவையும் சேர்ந்து 1,550. மேலே 50 கூடும்போதெல்லாம் கீழே அதே 50 குறைவதால், பன்னிரண்டு இணைகளும் 1,550 என்றே வரும். பன்னிரண்டு இணைகளின் கூடுதல் 18,600. ஆனால் ஒவ்வொரு தொகையையும் நாம் இரண்டு முறை எழுதியிருக்கிறோம். எனவே அதில் பாதியான 9,300 ரூபாயே ஓராண்டின் மொத்தச் சேமிப்பு.

கூடுதலை, அதாவது மொத்தத்தை, ‘கூ’ என்று குறித்தால்:

கூ = எ × (மு + க) ÷ 2

இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அதைச் சற்றே மாற்றி வாசித்துக்கொள்வது மேல். முதல் தொகையையும் கடைசித் தொகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது சராசரி. இங்கே அது 775. ஆகவே மொத்தம் என்பது சராசரித் தொகையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கியதுதான். மாதந்தோறும் கூட்டிக்கூட்டிச் சேமித்தவரும், மாதந்தோறும் மாறாமல் 775 ரூபாய் போட்டவரும் ஆண்டு முடிவில் ஒரே தொகையைத்தான் வைத்திருப்பார்கள். இப்படி வாசித்துப் பழகியவருக்கு விடையைச் சரிபார்க்கவும் வழி கிடைத்துவிடுகிறது: மொத்தத்தை மாதங்களால் வகுத்தால் வரும் எண், முதல் தொகைக்கும் கடைசித் தொகைக்கும் நடுவில் இல்லையென்றால், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது.

இந்த வாசிப்பு புதியதன்று. பாஸ்கரர் 1150ஆம் ஆண்டில் எழுதிய லீலாவதி என்னும் கணித நூல் இந்த முறையைத்தான் சொல்கிறது. அதன் கலைச்சொற்கள் செல்வத்தைக் குறிக்கும் சொல்லான ‘தனம்’ என்பதைக் கொண்டே அமைந்திருக்கின்றன. கடைசி உறுப்பு அந்த்யதனம், நடு உறுப்பு, அதாவது சராசரி, மத்தியதனம், கூடுதல் சர்வதனம். கடைசித் தனத்துடன் முதலைக் கூட்டிப் பாதியாக்கினால் நடுத்தனம், அதை எண்ணிக்கையால் பெருக்கினால் முழுத்தனம் என்பது அதன் விதி. அந்நூலில் வரும் ஒரு கணக்கு நம்முடைய கணக்குக்கு உடன்பிறப்பு போன்றது: ஒருவர் முதல் நாள் 4 திரம்மம் என்னும் நாணயங்களைக் கொடையாக அளித்து, நாள்தோறும் 5 கூட்டிக் கொடுத்தால், அரை மாதத்தில் கொடுத்தது எவ்வளவு? பதினைந்தாம் நாள் கொடுப்பது 4 + 14 × 5 = 74; நடுத்தனம் 39; முழுத்தனம் 15 × 39 = 585. நாட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால், நடுநாளான எட்டாம் நாளில் அவர் உண்மையாகவே 39 நாணயங்களைக் கொடுக்கிறார் என்பதையும் கவனிக்கலாம். பன்னிரண்டு மாதக் கணக்கில் எந்த மாதத்திலும் 775 ரூபாய் போடப்படவில்லை. ஆறாம் மாதத்தின் 750க்கும் ஏழாம் மாதத்தின் 800க்கும் நடுவில் அது நிற்கிறது. வெளியே போகும் பணமானாலும் உள்ளே வரும் பணமானாலும் கணக்கின் நடை மாறுவதில்லை.

முதல் வாரம் 1, இரண்டாம் வாரம் 2 என்று தொடங்கி 52ஆம் வாரம் 52 போடும் ‘52 வாரச் சேமிப்புச் சவால்’ என்ற பழக்கத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் மொத்தம் 52 × 53 ÷ 2 = 1,378. இதில் கணிதம் காட்டும் ஒரு செய்தி, சவாலை அறிவிப்பவர்கள் அதிகம் சொல்லாதது. பாதி ஆண்டு முடிந்து 26 வாரங்கள் கடந்தபோது சேர்ந்திருப்பது 26 × 27 ÷ 2 = 351; அதாவது மொத்தத்தில் கால் பங்கு அளவுதான். கடைசி 13 வாரங்களில் மட்டும் போட வேண்டியது 40 முதல் 52 வரையிலான எண்களின் கூடுதல்; அவற்றின் சராசரி 46 என்பதால் அது 13 × 46 = 598, அதாவது மொத்தத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். சுமை முழுவதும் பின்பகுதியில் விழுகிறது. இச்சவாலைப் பாதியில் கைவிடுபவர்களின் மன உறுதியைக் குறைசொல்வதற்கு முன் இந்த எண்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் கண்ணிகள்

வாக்கியக் கணக்கில் பாதி வேலை வாசிப்பதுதான். “கையில் ஏற்கெனவே 2,000 ரூபாய் வைத்திருக்கும் ஒருவர், முதல் மாதம் 300 ரூபாய் போட்டு, மாதந்தோறும் 25 ரூபாய் உயர்த்திக்கொண்டே போகிறார், பத்து மாத முடிவில் அவரிடம் எவ்வளவு இருக்கும்?” என்ற கணக்கில், முதலில் கண்ணில் படும் எண் என்பதாலேயே 2,000ஐ முதல் உறுப்பாகக் கொள்பவர்கள் உண்டு. அந்த 2,000 தொடருக்கு வெளியே நிற்கிறது. 25 ரூபாய் உயர்வு என்னும் விதி அதைத் தொடுவதில்லை. பத்தாம் மாதத் தொகை 300 + 9 × 25 = 525; பத்து மாதங்களின் கூடுதல் 10 × 825 ÷ 2 = 4,125; பழைய இருப்பைச் சேர்த்தால் 6,125 ரூபாய். உயர்வே இல்லாமல் மாதம் 300 ரூபாய் மட்டும் போடப்பட்டிருந்தால், இருப்பு நிரலே 2,300, 2,600, 2,900 என்று கூட்டுத் தொடர்வரிசையாக அமைந்துவிடும். அப்போது கூடுதல் சூத்திரமே தேவைப்படாது.

இன்னொரு கண்ணி சற்று ஆழமானது. “ஒருவர் முதல் ஆண்டில் மாதம் 500 ரூபாய் சேமிக்கிறார், ஒவ்வோர் ஆண்டும் மாதச் சேமிப்பை 100 ரூபாய் உயர்த்துகிறார், ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு?” என்று கேட்கும்போது, ஐந்து ஆண்டுகள் என்றால் 60 மாதங்கள், வித்தியாசம் 100 என்று சூத்திரத்தில் நேராகப் போட்டால் 2,07,000 ரூபாய் என்று வரும். அந்த விடையின்படி அவர் கடைசி மாதத்தில் 6,400 ரூபாய் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் ஆண்டில் அவர் மாதத்துக்குப் போடுவது 900 ரூபாய்தான். மாதத் தொகை ஓராண்டு முழுவதும் அசையாமல் நின்று, பிறகு ஒரு படி ஏறுகிறது; மாதக் கணக்கில் பார்த்தால் அது கூட்டுத் தொடர்வரிசையே அன்று. ஆண்டை ஓர் உறுப்பாகக் கொண்டால்தான் ஒழுங்கு தெரியும்: முதல் ஆண்டு 6,000, இரண்டாம் ஆண்டு 7,200, ஐந்தாம் ஆண்டு 10,800. வித்தியாசமும் 100 அன்று, பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்து 1,200. மொத்தம் 5 × 16,800 ÷ 2 = 42,000 ரூபாய். ‘ஓர் உறுப்பு என்பது எது? நாளா, மாதமா, ஆண்டா?’ என்ற கேள்விக்கு விடை எழுதிய பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

“மாதந்தோறும் 10 விழுக்காடு கூடுதலாக” என்று இருந்தால் அது கூட்டுத் தொடர் அன்று. 500க்குப் பிறகு 550, அதற்குப் பிறகு 605 என்று உயர்வும் உயர்ந்துகொண்டே போகும். அது ஒவ்வோர் எண்ணையும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்ததைப் பெறும் பெருக்குத் தொடர்வரிசையின் வேலை.

இலக்குத் தொகை கொடுக்கப்பட்டால்

சில கணக்குகளில் மொத்தத்தைச் சொல்லிவிட்டுக் காலத்தைக் கேட்பார்கள். முதல் வாரம் 100 ரூபாய் சேமித்து, வாரந்தோறும் 20 ரூபாய் கூட்டிக்கொண்டு போகும் ஒருவருக்கு 5,000 ரூபாய் சேர எத்தனை வாரங்கள் ஆகும்? கடைசி உறுப்பு தெரியாது என்பதால், கூடுதல் சூத்திரத்தில் ‘க’ இருக்கும் இடத்தில் மு + (எ − 1) × வி என்பதையே வைத்துவிடலாம். அப்போது கூடுதல் 10எ² + 90எ என்று சுருங்கும்; அது 5,000க்குச் சமம் என்று எழுதிப் பத்தால் வகுத்தால் எ² + 9எ − 500 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதைத் தீர்த்தால் இரண்டு விடைகள்: ஒன்று ஏறத்தாழ 18.31, மற்றொன்று ஏறத்தாழ −27.31. வாரங்களின் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் இரண்டாவதை விட்டுவிடலாம்.

மீதமுள்ள 18.31ஐ என்ன செய்வது? வழக்கமான முழுதாக்கும் விதியைப் பின்பற்றி 18 என்று எழுதுபவர்கள் உண்டு. சரிபார்த்தால் தெரியும்: 18 வாரங்களில் சேர்வது 4,860 ரூபாய், இன்னும் 140 ரூபாய் குறைகிறது. பத்தொன்பதாம் வாரம் 460 ரூபாய் போடும்போதுதான் இருப்பு 5,320 ஆகி இலக்கைத் தாண்டுகிறது. எனவே விடை 19 வாரங்கள். 18.31 என்பதைப் ‘பதினெட்டு வாரமும் இரண்டு நாளும்’ என்று படிப்பதும் பிழைதான். பணம் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே உள்ளே வருகிறது, இடையில் எதுவும் சொட்டுவதில்லை. இலக்கை எட்டும் காலம் கேட்கப்படும் கணக்குகளில் பின்னம் எவ்வளவு சிறியதாயினும் அடுத்த முழு எண்ணுக்கு ஏறியாக வேண்டும்.

இந்த இருபடி வழியைக் கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த, ஆரியபட்டரின் ஆரியபட்டீயம் என்னும் நூல் ஒரே செய்யுளில் செய்முறையாகவே தருகிறது. மொத்தத்தை எட்டாலும் வித்தியாசத்தாலும் பெருக்க வேண்டும்: 5,000 × 8 × 20 = 8,00,000. முதல் உறுப்பின் இருமடங்குக்கும் வித்தியாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சேர்க்க வேண்டும்: 180இன் வர்க்கம் 32,400, ஆக 8,32,400. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 912.36. அதிலிருந்து முதல் உறுப்பின் இருமடங்கான 200ஐக் கழித்தால் 712.36, வித்தியாசத்தால் வகுத்தால் 35.62, ஒன்றைக் கூட்டினால் 36.62, பாதியாக்கினால் 18.31. நவீனக் குறியீடுகள் எதுவும் இல்லாமல், பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய செய்முறை நம் சமன்பாட்டின் விடையையே கொண்டுவந்து நிறுத்துகிறது.

முதல் தொகையும் வித்தியாசமும் மறைக்கப்பட்டிருந்தால்

“ஒருவர் சீராக உயர்த்திச் சேமித்தபோது முதல் ஆறு மாதங்களில் 3,750 ரூபாயும், ஓராண்டில் 9,300 ரூபாயும் சேர்ந்தன, முதல் மாதத் தொகை என்ன, உயர்வு என்ன?” இரண்டு சமன்பாடுகளை எழுதித் தீர்க்கலாம். அதைவிடக் குறுக்கு வழி ஒன்று உண்டு. பின் ஆறு மாதங்களில் சேர்ந்தது 9,300 − 3,750 = 5,550; முன் ஆறு மாதங்களைவிட இது 1,800 கூடுதல். இந்த 1,800 எங்கிருந்து வந்தது? ஏழாம் மாதத்தை முதல் மாதத்தோடும், எட்டாம் மாதத்தை இரண்டாம் மாதத்தோடும், அப்படியே பன்னிரண்டாம் மாதத்தை ஆறாம் மாதத்தோடும் இணைத்துப் பார்த்தால், ஒவ்வோர் இணையிலும் பின்னது ஆறு உயர்வுகள் அதிகம். இணைகளும் ஆறு. எனவே 1,800 என்பது 36 உயர்வுகள். ஓர் உயர்வு 50 ரூபாய். முதல் ஆறு மாதங்களின் சராசரி 625; அது முதல் தொகையைவிட இரண்டரை உயர்வு அதிகம்; ஆகவே முதல் தொகை 625 − 125 = 500. நாம் தொடங்கிய அதே கணக்குதான் பின்வாசல் வழியாக வந்திருக்கிறது. சமன்பாடு எழுதுபவர்களும் இந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்தால், விடை ஏன் அப்படி வருகிறது என்பது விளங்கும்.

குறைந்துகொண்டே போகும் சேமிப்பு

வித்தியாசம் குறை எண்ணாகவும் இருக்கலாம். முதல் மாதம் 1,200 ரூபாய் போட்டு, மாதந்தோறும் 80 ரூபாய் குறைத்துக்கொண்டே போகும் ஒருவருக்கு 9,360 ரூபாய் எப்போது சேரும்? முன்போலவே எழுதினால் 1,240எ − 40எ² = 9,360; சுருக்கினால் எ² − 31எ + 234 = 0. இதன் விடைகள் 13, 18. இம்முறை குறை எண் எதுவும் இல்லை. இரண்டுமே முழு எண்கள். எதை எடுப்பது?

தொகைகளை எழுதிப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. பதின்மூன்றாம் மாத முடிவில் 9,360 சேர்ந்துவிடுகிறது. பதினான்காம் மாதத் தொகை 160, பதினைந்தாம் மாதத் தொகை 80, பதினாறாம் மாதத் தொகை சுழியம். சூத்திரத்துக்கு அங்கே நிற்கத் தெரியாது. அது பதினேழாம் மாதத்துக்கு −80 என்றும் பதினெட்டாம் மாதத்துக்கு −160 என்றும் எழுதிக்கொண்டே போகும். 160, 80, 0, −80, −160 ஆகியவற்றின் கூடுதல் சுழியம் என்பதால் இருப்பு மீண்டும் 9,360க்கு வந்து சேருகிறது. குறை எண்ணுக்குப் பொருள் பணத்தை வெளியே எடுப்பது. கணக்கில் அப்படிச் சொல்லப்படவில்லை என்றால் 18ஐத் தள்ளிவிட்டு 13 மாதங்கள் என்று விடை எழுத வேண்டும். இப்படிச் சேமிப்பவரிடம் அதிக அளவாகச் சேரக்கூடியது பதினைந்து மாதங்களின் கூடுதலான 9,600 ரூபாய். அதற்கு மேல் ஓர் இலக்கைக் கொடுத்தால் எந்த முழு எண்ணும் அதற்கு விடையாகாது.

வட்டி சேரும்போது

மாதந்தோறும் மாறாத தொகையைப் போடும் தொடர் வைப்பில், வட்டியைத் தனிவட்டியாகக் கணக்கிடச் சொன்னால் கூட்டுத் தொடர் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டு போடுவதாகவும், வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 5 ரூபாய். முதல் தவணை பன்னிரண்டு மாதம் கணக்கில் இருந்து 60 ரூபாய் ஈட்டும். இரண்டாம் தவணை பதினோரு மாதம் இருந்து 55 ரூபாய் ஈட்டும். கடைசித் தவணை ஒரு மாதம் இருந்து 5 ரூபாய் ஈட்டும். போடும் தொகை மாறவில்லை, அது தங்கியிருக்கும் காலம்தான் சீராகக் குறைகிறது. மொத்த வட்டி 12 × 65 ÷ 2 = 390 ரூபாய். அதே தவணைகளை மாதக் கடைசியில் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு மாதம் குறைவாகத் தங்கும். வட்டி 330 ரூபாயாகிவிடும். ‘மாதத் தொடக்கத்தில்’ என்ற ஒரு சொல்லின் மதிப்பு 60 ரூபாய்.

ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான கூடுதல் 78. கடன் வட்டியை மாதங்களுக்குப் பிரித்துக் காட்டும் பழைய முறை ஒன்றுக்கு ‘78இன் விதி’ என்ற பெயர் இந்த எண்ணால்தான் வந்தது. கூட்டு வட்டி என்றால் மட்டும் இந்த வழி செல்லாது. வட்டிக்கும் வட்டி சேரும் இடத்தில் வித்தியாசம் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி நாம் தொடங்கிய கணக்கிலேயே, 500 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய் உயரும் தவணைகளை மாதத் தொடக்கத்தில் போட்டு, அதே 6 விழுக்காடு தனிவட்டியைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தவணையையும் அது தங்கியிருக்கும் மாதங்களால் பெருக்கினால் 500 × 12 = 6,000, 550 × 11 = 6,050, 600 × 10 = 6,000, 650 × 9 = 5,850 என்று வருகிறது. வித்தியாசங்கள் 50, −50, −150. இது கூட்டுத் தொடர்வரிசை அன்று. தொகை ஏற ஏறக் காலம் இறங்குகிறது. இரண்டும் பெருக்கப்படும்போது சீர் உடைந்துவிடுகிறது. ஆகவே பன்னிரண்டு பெருக்கல்களையும் செய்து கூட்டத்தான் வேண்டும். அப்படிக் கூட்டினால் 53,300 வரும், அதில் மாதத்துக்கு அரை விழுக்காடு என்றால் வட்டி 266 ரூபாய் 50 காசு. பெருக்கல் வேண்டாம் என்பவர்கள் தொடக்கத்தில் வரைந்த தாளை எடுத்து, 500, 1,050, 1,650 என்று தொடங்கி 9,300இல் முடியும் இருப்பு நிரலை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொள்ளலாம். அங்கும் அதே 53,300 வரும். ஏனெனில் ஒவ்வொரு மாதத்தின் வட்டியும் அம்மாதம் கணக்கில் உள்ள மொத்தச் சேமிப்பின் மீதுதான் விழுகிறது.